பொரி எடுக்கும் விரல்களும் படியேறும் கால்களும்: சிறு குழந்தைகளின் இயக்கத் திறனை மதிப்பிடுவது எப்படி?

பத்து மாதக் குழந்தை ஒன்றைப் பாயில் உட்கார வைத்து, அதன் எதிரே ஒரே ஒரு பொரியை வைத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் அதே குழந்தை கையை முழுவதுமாக விரித்துப் பாயைத் துழாவி, எல்லா விரல்களையும் சேர்த்து உள்ளங்கைக்குள் வாரியிருக்கும். இப்போது கடைசி மூன்று விரல்களும் உள்ளே மடங்கிக்கொள்ள, ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு பொரியைத் தொடுகிறது. கட்டைவிரல் அதற்கு எதிரே வந்து நிற்கிறது. இரு நுனிகளுக்கும் இடையில் பொரி அகப்படுகிறது. எடுத்துவிட்டான் என்று தாய் மகிழ்கிறாள். மதிப்பிட வந்தவரோ எடுத்த விதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்: மணிக்கட்டைப் பாயில் ஊன்றிக்கொண்டு எடுத்ததா, கையை அந்தரத்தில் நிறுத்தி எடுத்ததா, குனிந்தபோது உடல் ஒரு பக்கம் சாய்ந்ததா, பொரியை மறுபக்கம் வைத்தால் அந்தக் கையும் அதையே செய்கிறதா என்பவை அவருடைய கேள்விகள். பொரி நேராக வாய்க்குத்தான் போகும் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; கடலை, பட்டாணி போன்ற கெட்டியான பொருள்களை இதற்கு வைக்கவே கூடாது.

இந்தச் சிறு காட்சியிலேயே இயக்கத் திறனின் இரு பிரிவுகளும் இருக்கின்றன. கழுத்து, முதுகு, இடுப்பு, தோள், தொடை ஆகியவற்றின் பெரிய தசைகளைக் கொண்டு உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது, ஓடுவது, குதிப்பது எல்லாம் பெருந்தசை இயக்கத் திறன். கை, விரல்களின் சிறு தசைகளைக் கண்ணின் வழிகாட்டுதலோடு பயன்படுத்திப் பிடிப்பது, கிள்ளி எடுப்பது, அடுக்குவது, கோர்ப்பது, கிறுக்குவது, பொத்தான் போடுவது எல்லாம் நுண்தசை இயக்கத் திறன். பாடநூல்கள் இவற்றை இரண்டு தலைப்புகளாகப் பிரித்தாலும் குழந்தையின் உடலில் அப்படியொரு கோடு கிடையாது. கட்டுப்பாடு தலையிலிருந்து காலை நோக்கியும், உடலின் நடுவிலிருந்து விரல் நுனியை நோக்கியும் வளர்கிறது. இடுப்பு உறுதியாகி, விழாமல் உட்கார முடிந்த பிறகுதான் தரையை ஊன்றிக்கொண்டிருந்த கைகள் விடுதலை பெறுகின்றன. அதன் பிறகே விரல்கள் நுட்பமான வேலைக்குப் பழகுகின்றன. ஐந்து வயதில் எழுத்து கோணலாக வருகிறது என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளில் சிலருக்குச் சிக்கல் விரலில் இருப்பதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தெம்பில்லாமல் இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டு எழுதுவதால், தாளைப் பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் தாள் நகர்கிறது. ஆகவே விரலைப் பார்க்க வேண்டிய இடத்திலும் முதலில் முதுகைப் பார்ப்பது என் வழக்கம்.

குழந்தையின் அசைவைக் கூர்ந்து பார்த்து வயதோடு பொருத்துவது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்தபடி இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைவை ஒட்டித் தளர்நடை இட்டு வருவது வருகை. பின்னால் சிறுமியர் மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைப்பதும் சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதும் வருகின்றன. கைகளை ஊன்றி மார்பைத் தூக்குவது, இரு கைகளை உடலின் நடுக்கோட்டில் சேர்ப்பது, துணையின்றி நடப்பது ஆகிய இவையே இன்றைய மதிப்பீட்டுப் படிவங்களிலும் இருக்கின்றன.

அடுத்து வயதுக் கணக்கு. பெற்றோரை அதிகம் வருத்துவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ஆறு பெருந்தசைத் திறன்கள் எந்த மாதத்தில் வருகின்றன என்பதை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டது. துணையின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை; தனியாக நிற்பது 6.9 முதல் 16.9 வரை, தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை என்று அது கண்டது. இந்த எல்லைகள், நூறு குழந்தைகளில் ஏறக்குறைய முதலாவது செய்யும் வயதையும் தொண்ணூற்றொன்பதாவது செய்யும் வயதையும் குறிக்கின்றன. ஒன்பதாவது மாதத்தில் நடந்த குழந்தையும் பதினாறாவது மாதத்தில் நடந்த குழந்தையும் ஒரே அளவு நலமாக இருக்கலாம் என்பதே இதன் பொருள். "இவன் அண்ணன் பதினோராம் மாதமே நடந்துவிட்டான்" என்ற ஒப்பீட்டால் ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது.

தவழ்தலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமான குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தோ, வயிற்றால் ஊர்ந்தோ, நேராக எழுந்து நின்றோ நடைக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை நீக்கிவிட்டது. சிகிச்சையாளர் பலர் அதை ஏற்கவில்லை. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தவழ்தல் தரும் பயிற்சியை வேறெதுவும் எளிதில் தந்துவிடாது என்பதால் எனக்கும் அந்த நீக்கத்தில் முழு உடன்பாடில்லை. ஆனால் தவழாமல் நடந்த ஒரு காரணத்துக்காக ஒரு குழந்தையைக் குறையுள்ளது என்று எழுதுவது நிச்சயமாகத் தவறு. தவழும் குழந்தையாக இருந்தால், ஒரு காலை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. முதற்சோதனை என்பது சில நிமிடங்களில் பலரைப் பார்த்து, மேலும் கவனிக்க வேண்டியவர் யார் என்று வடிகட்டுவது; முழு மதிப்பீடு என்பது பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒரே குழந்தையோடு நெடுநேரம் அமர்ந்து, எது வருகிறது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று காண்பது. முதற்சோதனைக்கு நம் பக்கத்தில் நல்ல எடுத்துக்காட்டு, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய வளர்ச்சிச் சோதனை அட்டவணை. இரண்டு வயது வரைக்குமான அதன் முதல் வடிவத்தில் 17 திறன்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அது வரக்கூடிய மாதங்களைக் காட்டும் ஒரு பட்டை உண்டு. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளில் ஏதேனும் ஒரு திறன் வராமல் இருந்தால் அந்தக் குழந்தையை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியது அது. முழு மதிப்பீட்டுக்கு, பரோடாவில் இந்தியக் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்ட டாஸி அளவுகோல் இருக்கிறது. 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கான அதில் இயக்கத்துக்கு மட்டும் 67 உருப்படிகள். பெய்லி, பீபாடி போன்ற வெளிநாட்டு அளவுகோல்களும் நம் மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ளன. முதற்சோதனையில் தவறியதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேறிவிட்டதால் இனிப் பார்க்கவே வேண்டாம் என்றும் இருந்துவிடக் கூடாது.

பெருந்தசைத் திறனைப் பார்க்க வழுக்காத தரையும், வெறுங்காலும், தூக்கமும் பசியும் இல்லாத நேரமும் வேண்டும். கைக்குழந்தையை மல்லாத்தி, குப்புறப்போட்டு, உட்கார வைத்து, நிற்க வைத்து என்று நான்கு நிலைகளில் பார்க்கிறோம். மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கைகளைப் பிடித்து மெல்ல எழுப்பினால், பிறந்த சில வாரங்களில் தலை பின்னால் தொங்கும். நான்கு மாதத்தில் உடலோடு சேர்ந்து வர வேண்டும். இரண்டு வயதில் படியில் ஒவ்வொன்றிலும் இரு பாதங்களையும் வைத்து ஏறுவார்கள். மூன்று வயதில் ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி ஏறுவார்கள். அப்படியே மாற்றி இறங்குவதற்கு நான்கு வயது ஆகும். மூன்று வயதில் ஒரு காலில் ஒரு நொடி நிற்பதும், நான்கு வயதில் ஒரு காலில் தத்துவதும், ஐந்து வயதுக்குள் அதில் ஒரு சீர் வருவதும் வழக்கம். தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆட விட்டால் இவற்றில் பாதியைக் குழந்தை தானே காட்டிவிடும். வலது காலில் நான்கு கட்டம் தாண்டும் பிள்ளை இடது காலில் ஒன்றுகூடத் தாண்டாமல் கால் ஊன்றினால் அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு அசைவைத்தான் பார்க்க அனுமதி என்றால், தரையில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளையை எழுந்து வரச் சொல்லுவேன். பெரும்பாலோர் ஒரு கையை ஊன்றி, ஒரு முழங்காலை உயர்த்தி, மறுநொடி நின்றுவிடுவார்கள். சில பிள்ளைகள், ஆண்பிள்ளைகளே மிகுதி, முதலில் குப்புறத் திரும்பி, இரு கைகளையும் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கி, கைகளை முழங்காலில் வைத்து, பிறகு தொடையில் வைத்து, தன் காலின் மேல் தானே கைகளால் ஏறுவதுபோல் நிமிர்வார்கள். கோவர்ஸ் என்னும் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த அடையாளம் இது. இடுப்புத் தசைகள் வலுவிழந்திருப்பதைக் காட்டுவது. டூஷேன் தசைச் சிதைவு நோயில் காணப்படுவது. ஓடினால் விழுகிறான், படியேறச் சோம்பல்படுகிறான் என்று மாதக்கணக்கில் திட்டு வாங்கிய பிள்ளை, எழுந்து நின்ற அந்த நான்கு நொடியில் தன் நிலையைச் சொல்லிவிடுகிறான். அதற்கு அடுத்து வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனையும் குழந்தை நரம்பியல் மருத்துவரும்.

நுண்தசைத் திறனுக்கு வேண்டிய பொருள்கள் இன்னும் எளியவை. இரண்டரை சென்டிமீட்டர் பக்கமுள்ள மரக் கட்டைகள் பத்து, ஒரு தடித்த பென்சில், வெள்ளைத் தாள், துளையிட்ட பெரிய மணிகள், ஒரு கயிறு, பொத்தான் வைத்த சட்டை ஆகியவை போதும். ஆறு மாதத்தை ஒட்டி ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கட்டையை மாற்ற வேண்டும். ஒன்றேகால் வயதில் இரண்டு கட்டை, ஒன்றரை வயதில் மூன்று, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் ஒன்பது என்று அடுக்கு உயரும். அடுக்கு சரியும் நொடியைக் கவனியுங்கள். கட்டையை வைக்கும்போது சரிந்தால் அது இடம் தவறியது. வைத்த பிறகு விரலை எடுக்கும்போது சரிந்தால், பிடித்ததை அளவோடு விடும் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. பிடிப்பது முதலில் வரும், விடுவது பின்னால்தான் வரும். பலர் இந்த இரண்டாவதைக் கவனிப்பதே இல்லை.

வரைவதில், மூன்று வயதில் வட்டம், நான்கு வயதில் கூட்டல் குறி, நாலரை வயதில் சதுரம், ஐந்து வயதில் முக்கோணம் ஆகியவற்றைப் பார்த்து வரைய வேண்டும். முன்னால் வரைந்து காட்டியபின் செய்வதும், வரைந்து முடித்த படத்தைப் பார்த்துத் தானே செய்வதும் வேறு வேறு திறன்கள் என்பதால், எப்படிக் கேட்டோம் என்பதையும் எழுத வேண்டும். பென்சில் பிடியும் படிப்படியாக மாறுவது: முதலில் முழுக் கைக்குள், பிறகு விரல்கள் கீழ்நோக்கி, பிறகு மூன்று விரல்களில். கடைசிப் பிடி நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் முதிர்கிறது. எல்.கே.ஜி.யில் சேர்ந்த மூன்றரை வயதுப் பிள்ளையின் விரல்களைப் பிடித்து வளைத்து எழுத வைப்பது, முதிராத கையின் மேல் சுமையேற்றுவதாகும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அந்த வயதில் மாவு பிசைவதும், ஈர மணலில் குழி தோண்டுவதும், பயறு உரிப்பதும் அந்த விரல்களுக்கு ஏட்டை விட நன்மை தரும்.

மூன்று வயதுக்கு மேல் பயன்படும் மூவ்மென்ட் ஏ.பி.சி. என்னும் பன்னாட்டு அளவுகோலின் முதல் பயிற்சியே உண்டியலில் காசு போடுவதுதான். குழந்தை ஒவ்வொரு காசாக எடுத்துப் பிளவில் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரு கைகளுக்கும் தனித்தனியே நொடிகளை அளக்கிறார்கள். வீட்டு உண்டியலில் நீங்களும் இதைப் பார்க்கலாம். மதிப்பெண் போட முடியாவிட்டாலும், ஒரு கை மட்டும் பிளவைத் தேடித் தடுமாறுவது தெரிந்துவிடும்.

மதிப்பீடு பிழைபடும் இடங்கள் பல. முதலாவது, குறைமாதப் பிறப்பைக் கணக்கில் எடுக்காதது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்தி வந்தது. அதற்கு இன்று பத்து மாதம் என்றால் எட்டு மாதக் குழந்தையாகவே அதை மதிப்பிட வேண்டும். இந்தத் திருத்தம் இரண்டு வயது வரை பொருந்தும். இரண்டாவது, வாய்ப்பில்லாமையைத் திறனின்மை என்று எழுதிவிடுவது. என் தொடக்க ஆண்டுகளில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். அவள் அதை இரு கைகளாலும் பிடித்துத் திறந்து மூடினாளே தவிரத் தாள் வெட்டுப்படவில்லை. "வயதுக்குரிய நுண்தசைத் திறன் இல்லை" என்று குறிப்பெழுதினேன். வெளியே காத்திருந்த தன் பாட்டியிடம் சென்றதும் அந்தச் சிறுமி, அவருடைய கூடையில் மிஞ்சியிருந்த மல்லிகையை எடுத்து, காம்பும் காம்பும் எதிர்முகமாக வைத்து, நாரை இரு விரல்களில் சுற்றி இறுக்கித் தொடுக்கத் தொடங்கினாள். முடிச்சு நழுவவில்லை. அவள் கையில் கத்தரிக்கோலை அதுவரை யாரும் கொடுத்ததில்லை என்பதைக் கேட்டறியாமல் எழுதியது என் பிழை, குறிப்பைத் திருத்தினேன். அன்றிலிருந்து எந்தப் பொருளையும் நீட்டுமுன் "இது வீட்டில் இருக்கிறதா, கொடுத்திருக்கிறீர்களா" என்று கேட்கிறேன். எப்போதும் இடுப்பிலேயே தூக்கி வைத்திருக்கும் குழந்தையும், சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார்ந்தே வளரும் குழந்தையும் தரையில் பழக இடமில்லாமல் பிந்துவது இவ்வகைதான். அந்த வாக்கர் நடையை விரைவுபடுத்துவதில்லை. விபத்துகளின் காரணமாகக் கனடா அதன் விற்பனையை 2004-இல் தடைசெய்தது. பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் நம் மர நடைவண்டி வேறு. அதில் எடை காலின் மேல் விழுகிறது.

மூன்றாவது பிழை, கண்ணையும் காதையும் மறந்துவிடுவது. கட்டையைத் தவறவிடும் குழந்தைக்குப் பார்வைக் குறை இருக்கலாம். சொன்னதைச் செய்யாத குழந்தைக்குச் சொன்னதே கேட்காமல் இருந்திருக்கலாம். கூச்சத்தால் ஒன்றும் செய்யாத குழந்தையைப் பற்றி "செய்யவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். "செய்ய இயலவில்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. நான்கு மாதம் நிறைந்தும் கழுத்து நிற்காமல் இருப்பது, மூன்று நான்கு மாதத்துக்குப் பின்னும் கைகள் இறுக மூடியே இருப்பது, பத்து மாதத்தில் துணையின்றி உட்காராதது, 18 மாதத்தில் நடக்காதது, உடல் துணிபோல் தொய்வாகவோ கட்டைபோல் விறைப்பாகவோ இருப்பது, எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது ஆகியவை அவை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதைப் பெரியவர்கள் "சோற்றுக்கை பழகிவிட்டது" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த வயதில் அது மறு கையின் வலுவின்மையாக இருக்கக்கூடும். இவை எல்லாவற்றையும் விட அவசரமானது, வந்த திறன் போவது. நேற்று வரை அடுக்கிய, நடந்த, கைதட்டிய குழந்தை அதை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறை வருகின்றன. வளர்ச்சி பிந்திய குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. குழு வரும் நாள் வரை காத்திராமல் நீங்களே நேராகவும் செல்லலாம். செல்லும்போது பிறந்த வாரமும் எடையும் எழுதிய மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, குழந்தைக்குப் பிடித்த ஒரு விளையாட்டுப் பொருள் ஆகியவற்றோடு, செல்பேசியில் எடுத்த இரண்டு காணொளிகளையும் கொண்டுபோங்கள். ஒன்று, குழந்தை தரையிலிருந்து எழுந்து நாலு அடி நடப்பது. கால்சட்டை முட்டிக்கு மேல் இருக்கட்டும், முழு உருவமும் தெரியட்டும். மற்றொன்று, சோறு உண்ணும்போது இரு கைகளும் தெரியும்படி எதிரே இருந்து எடுத்தது. புது இடத்தில் அம்மாவின் தோளைவிட்டு இறங்க மறுக்கும் குழந்தையைப் பற்றி, இரண்டுமாகச் சேர்ந்து ஒரு நிமிடம் ஓடும் அந்தக் காணொளிகளிலிருந்தே மருத்துவர் வேலையைத் தொடங்கிவிட முடியும்.